தீர்த்தம் குடித்த பூச்சிகள்

ஊரில் ஆடு வளர்க்கிறவர்கள் உண்டு, கோழி வளர்க்கிறவர்கள் உண்டு. வளர்த்தது கொழுத்தால் சந்தோஷப்படுவார்கள். வளர்த்தது இளைத்துத் துரும்பாகிச் சாகக் கிடந்ததைப் பார்த்துக் கைதட்டிக் குதித்தவள் மலேசியாவின் கேமரன் மலையிலேயே சசிரேகா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவள் வளர்த்தது பூச்சி.

தேயிலைக் கொசு என்று அதற்குப் பெயர். பெயரில்தான் கொசு, கடிப்பது மனிதரை அல்ல, கொழுந்தை. ஊசி மாதிரி வாயைத் துளிரில் குத்திச் சாறு உறிஞ்சும். குத்தின இடமெல்லாம் கறுத்துப் புள்ளி விழும், இலை சுருளும், கொழுந்து கருகும். ஒரு மலையில் இது இறங்கிவிட்டால் அந்த மலையில் யாருக்கும் கூடை நிறையாது. அப்படிப்பட்ட சனியனைத்தான் சசிரேகா வலைக் கூண்டுக்குள் வைத்து, காலையும் மாலையும் புதுத் துளிர் கிள்ளி வந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு நேரம் தவறாமல் சோறு போட மாட்டார்கள்.

அவள் வேலை பார்த்த இடத்தின் வாசலில் ‘ஆராய்ச்சிப் பிரிவு’ என்று பலகை தொங்கியது. பலகைதான் பெரிது. உள்ளே போனால் உரக் கிடங்குக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஒரே ஓர் அறை. மழை பெய்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது, மழை பெய்யாத நாளோ அங்கே அபூர்வம். ஆராய்ச்சியாளர் சசிரேகா, உதவியாளர் ரூபன், அவ்வளவுதான் பிரிவு. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனங்கள் அதைப் ‘பூச்சி ரூம்’ என்றார்கள். லயத்திலேயே பிறந்து, சிலாங்கூருக்குப் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பிய முதல் பெண் என்று தனக்குத் தானே ஒரு மாலை போட்டு வைத்திருந்த சசிரேகாவை, அவர்கள் ‘பூச்சிப் பிள்ளை’ என்றார்கள். ஆரம்பத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

ஆராய்ச்சி இதுதான். எந்தச் செடியைத் தின்கிறதோ, அந்தச் செடிக்குத் தக்கபடிதான் பூச்சிக்கு உடம்பு. நல்ல சத்தான துளிர் கிடைத்தால் குஞ்சுகள் மளமளவென்று தோலுரித்து வளரும், பெட்டைகள் வயிறு முட்ட முட்டை வைக்கும். துவர்ப்பும் கசப்பும் கூடின துளிரென்றால், தின்றதில் பாதி குடலில் விஷம் முறிக்கவே செலவாகிவிடும்; மிச்சத்தில் உடம்பு என்ன தேறும்? தோலுரிக்க நாளாகும், சிறகு கோணும், முட்டை குறையும். சசிரேகாவுக்கு இது புத்தகத்தில் படித்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. விடுதிச் சாப்பாட்டில் முதல் வருஷமே அவளுடைய சுரிதார்கள் தொளதொளத்துப் போயின. லீவுக்கு வந்து அம்மா கைச்சோறு தின்றதும் அதே சுரிதார்கள் தையல் விட்டன.

எஸ்டேட்டில் ஏழாம் நம்பர் மலையின் பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புது ரகம் நடலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. புது ரகம் கொசுவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அதை விற்கிறவர்கள் சொன்னார்கள். விற்கிறவன் வேறு என்ன சொல்வான்? மெய்யா பொய்யா என்று பார்த்துச் சொல்லும் வேலை சசிரேகாவிடம் வந்தது. கொடுத்தவர் மேனேஜர் திருமாறன். ஈப்போவில் பிறந்து வளர்ந்த ஆள். ஆனாலும் லயத்துக்கு அவர் துரைதான். வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலமாகியும் அந்தச் சொல் மட்டும் எஸ்டேட்டை விட்டுப் போகவில்லை.

“ரேகா, ரிசல்ட் பளிச்சுன்னு வந்துச்சுன்னா டைரக்டர் முன்னால நீயே நின்னு சொல்லு” என்றார் அவர். “வருசா வருசம் காண்டிராக்ட்ட நீட்டிக்கிட்டே இருக்க வேணாம். கன்ஃபர்ம் பண்ணிரலாம்.”

கன்ஃபர்ம்! அந்தச் சொல்லைக் கேட்ட நிமிஷத்திலிருந்து சசிரேகாவுக்குப் பூச்சி பூச்சியாகத் தெரியவில்லை. இந்த ஆண்டோடு காண்டிராக்ட் முடிகிறது. வேலை நிலைக்காவிட்டால் மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போய், ஏதாவது ஒரு மாலில் வாசனைத் திரவியம் பீய்ச்சிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவளோடு படித்த இரண்டு பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

செய்தி வீட்டுக்கு வந்ததும் அம்மா சாரதா கோயில் இருந்த திசைக்குத் திரும்பி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டாள். “ஆத்தா மாரியாயி! எம்மவளுக்கு வேலை நெலைக்கணும். இந்தத் திருவிழாவுல அவ காப்புக் கட்டிப் பால்குடம் எடுப்பா.”

“யாரக் கேட்டு வேண்டிக்கிட்ட?”

“ஆத்தாவத்தான் கேட்டேன். ஒன்ன எதுக்குக் கேக்கணும்?”

வேண்டிக்கொள்வது அம்மா, குடம் தூக்குவது மகள். இப்படியொரு ஏற்பாடு நம் வீடுகளில்தான் நடக்கும். சசிரேகா முணுமுணுத்துக்கொண்டே கோயிலுக்குப் போய்க் கையை நீட்டினாள். அம்மா மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றைப் பூசாரி கையால் கட்டவைத்தாள்.

கேமரன் குளிருக்கு வேம்பு வராது. வைத்தாலும் நோஞ்சானாக நின்று செத்துப்போகும். அதனால் திருவிழாவுக்கு வேப்பிலை கீழேயிருந்துதான் ஏறி வர வேண்டும். மலைமேல் திரிங்காப்புத் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் லோரிக்காரர் சிங்காரம், ஈப்போவில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது லோரி கொள்ளாத வேப்பங்குலையோடு வருவார். பூச்சி விரும்பித் தின்கிற இலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பூச்சி கிட்டவே வராத இலையை வாங்கி வருகிறார் என்ற எண்ணம் அன்றே சசிரேகாவின் மண்டையில் உதித்திருக்க வேண்டும். பூச்சி படித்த பெண்ணல்லவா! உதிக்கவில்லை. அவள் அப்போது பால்குடத்துக்கு எந்தப் புடவை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கோயிலில் ஓர் அண்டா நிறைய மஞ்சள் அரைத்துக் கரைத்து, வேப்பிலையைக் கசக்கிப் போட்டுத் தீர்த்தம் வைத்திருந்தார்கள். காப்புக் கட்டியவர்கள் அதில் குளிக்க வேண்டும், வீட்டில் தெளிக்க வேண்டும். சாரதா தினமும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் அதைப் பிடித்து வந்து மகள் பையில் செருகினாள்.

“கூண்டு மேல ரெண்டு சொட்டு தெளி பாப்பா. ஒன் தொழில் அதானே.”

“அம்மா, அது லேப். கோயில் இல்ல.”

“கத்தரிக்கோலுக்குப் பொட்டு வெக்கிறோம், லோரிக்கு மாலை போடுறோம். ஒன் பூச்சி மட்டும் என்ன பெரிய இதுவா?”

சசிரேகா கண்ணை உருட்டினாள். விஞ்ஞானி கண்ணை உருட்டித்தானே ஆக வேண்டும். ஆனால் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போகவில்லை. பத்து மணிக்கு ரூபன் தேத்தண்ணி குடிக்கப் போன சமயம் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு, புது ரகக் கூண்டுகளின் மேல் இரண்டு சொட்டு தெளித்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பழைய செடிக் கூண்டுகளுக்குத் தெளிக்கவில்லை. அவற்றைப் பார்த்துக்கொண்டது ரூபன். அது ஒரு காரணம். அந்தச் செடி ஜெயித்தால் அவளுக்கு என்ன லாபம்? உண்மையான காரணம் அதுதான்.

முதல் நாள் இரண்டு சொட்டு. பக்தி ஏற ஏறக் கை தாராளமாயிற்று. திருவிழா நெருங்கியபோது கூண்டைத் திறந்து துளிர் நனைய நனையத் தெளித்தாள். பாட்டில் அடியில் தங்கிய மஞ்சள் வண்டலைக்கூட வீணாக்கவில்லை. ‘தாயே, இந்தப் பக்கம் இருக்கிற பூச்சி வளரக் கூடாது’ என்று நேராகவே கேட்டாள். சாமியிடம் சுற்றி வளைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது?

தாய் கைவிடவில்லை. புது ரகக் கூண்டில் இருந்த குஞ்சுகள் ஒழுங்காகத் தின்னவில்லை. தோலுரிக்கத் தொடங்கி, உரிக்க முடியாமல் பாதித் தோலோடு செத்தன. தப்பிப் பிழைத்துப் பெரிதானவை சோனிகளாக, சிறகு மடங்கி, கூண்டு மூலையில் சுருண்டு கிடந்தன. பெட்டைகள் வைத்த முட்டையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ரூபனுடைய பழைய செடிக் கூண்டில் அதே வயசுக் கொசுக்கள் குண்டு குண்டாகத் திரிந்தன.

நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கிய சசிரேகா அப்போதுதான் கைதட்டிக் குதித்தாள்.

“என்னா ரேகா, லாட்டரி விழுந்துருச்சா?” என்றான் ரூபன்.

“அதுக்கும் மேல அண்ணே! செடி பூச்சியோட ஒடம்பையே மாத்திருச்சு!”

கோலாலம்பூரிலிருந்து வந்த டைரக்டர் முன்னால் அவள் இதையே ஆங்கிலத்தில், இன்னும் கொஞ்சம் ஜிகினா ஒட்டிச் சொன்னாள். சோனிக் கொசுவையும் குண்டுக் கொசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் படம் காட்டினாள். புது ரகத் துளிரில் உள்ள ஏதோ ஒரு கசப்பு பூச்சியின் செரிமானத்தைக் கெடுத்து, வளர்ச்சியைத் தடுத்து, இனப்பெருக்கத்தையே முடக்குகிறது என்றாள். டைரக்டர் மெல்லக் கைதட்டினார். துரை பலமாகத் தட்டினார். மருந்து தெளிக்கிற செலவு பெருமளவு மிச்சம் என்றார் டைரக்டர். மூன்று மாதத்தில் ஏழாம் நம்பர் மலையில் எக்ஸ்கவேட்டர் இறங்கும் என்று முடிவாயிற்று. ‘கன்ஃபர்ம் பேப்பர் டைரக்டர் கையெழுத்துக்குப் போகுது’ என்று துரை அவள் காதில் சொன்னார். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

லயத்தில் சாரதா வீடு வீடாகக் கேசரி கொடுத்தாள். “ஆத்தா கண்ணத் தொறந்துட்டா” என்றாள். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே யாரோ கேட்டார்கள்: “ஏழாம் நம்பரையா எடுக்கப் போறாங்க? அது நீ கொழுந்து எடுக்கிற மலையாச்சே?”

அதுதான் சாரதாவின் மலை. லயத்துக்குப் பக்கத்திலேயே சரிந்து கிடக்கும் சின்ன மலை. முட்டி தேய்ந்த பெண்களையெல்லாம் கங்காணி அங்கேதான் விடுவார். இளவட்டங்களும் வங்காளதேசத்துப் பையன்களும் கொழுந்து வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு விடியுமுன் லோரியில் தூரத்து மலைகளுக்குப் போய்விடுவார்கள். சாரதாவும் அவள் வயதுக்காரிகள் சிலரும் வெயில் ஏறக் கூடையோடு நடந்தே போய், கதை பேசிக்கொண்டே பறித்து, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி போவார்கள். புதுச் செடி நட்டு அது கொழுந்துக்கு வர வருஷங்கள் ஆகும். வந்தாலும் மெஷினுக்குத்தான் ஏற்றதாக நடுவார்கள். அதுவரை இந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. சசிரேகாவும் கேட்கவில்லை.

“நர்சரியில பை ரொப்புற வேலை குடுப்பாங்கம்மா. ஒக்காந்தே செய்யலாம்” என்று அவளாகவே ஒரு வேலையை உண்டாக்கி அம்மாவுக்குக் கொடுத்தாள்.

“எடுத்தா எடுக்கட்டும்” என்றாள் சாரதா. “செடி என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தா? ஒனக்கு வேலை நெலச்சாப் போதும்.”

சசிரேகா அதை அப்படியே நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது. பிடுங்க வேண்டிய செடி வரிசைகளில் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அன்று சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வர நேரமானது. நன்றி சொல்லப் போயிருப்பாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

இதற்குள் அவள் பால்குடம் எடுத்து, திருவிழா முடிந்து, காப்பு அவிழ்த்தாயிற்று. டைரக்டர் கேட்ட கூடுதல் படங்களுக்காகச் சசிரேகா இன்னொரு தொகுதி பூச்சிகளை வளர்க்க ஆரம்பித்திருந்தாள். அதே புது ரகத் துளிர், அதே கூண்டு, அதே கை. ஆனால் பூச்சிகளுக்கு என்ன கேடோ, சாக மறுத்தன. நாளாக ஆக உருண்டன, திரண்டன. ஒன்றுகூடப் பாதித் தோலோடு நிற்கவில்லை. பெட்டைகள் துளிர்த் தண்டு முழுக்க முட்டை செருகித் தள்ளின. பழைய செடிக் கூண்டில் இருந்தவற்றைவிட இவை ஒரு சுற்றுப் பெரிதாகவே இருந்தன.

சசிரேகா முதலில் மழையைத் திட்டினாள். பிறகு தராசைத் திட்டினாள். பிறகு ரூபனைப் பிடித்தாள்.

“அண்ணே, என் கூண்டுக்குத் தப்பான துளிர் போட்டீங்களா?”

“ஒன் கூண்ட நான் தொட்டதே இல்ல லா. தொட்டா நீ கடிச்சுத் தின்னுருவே” என்றான் ரூபன். திருவிழா சமயத்தில் பயன்படுத்திய வலைகளை அவன் அப்போது துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். “ஆனா ஒண்ணு. என்னோட வலை வெள்ளையா இருக்கு. ஒன்னோடது மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு? எவ்ளோ தேய்ச்சாலும் போவ மாட்டேங்குது.”

சசிரேகா வலையைப் பார்த்தாள். கொடியில் வரிசையாக வெள்ளை வலைகள். அவற்றுக்கு நடுவே கல்யாணத்துக்கு வந்த மாதிரி மஞ்சளாக அவளுடைய வலைகள்.

மஞ்சள்! பூச்சியை விரட்டும். வேப்பிலை! பூச்சியைத் தின்னவிடாது, தோலுரிக்கவிடாது, முட்டை வைக்கவிடாது. இது யாருக்குத் தெரியாது? அவளுக்கே தெரியும். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் வேப்பங்கொட்டைச் சாறு பூச்சிகளின் வளர்ச்சியை எப்படித் தடுக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதி, மேடையேறிப் பரிசு வேறு வாங்கியவள் அவள். அந்த வேம்பைத்தான் பாட்டிலில் பிடித்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு பூச்சிமேல் ஊற்றியிருக்கிறாள். ஒரு நாள்கூட உறைக்கவில்லையே! ஏன் உறைக்கவில்லை? அவள் தெளித்தது வேப்பஞ்சாறு இல்லை, தீர்த்தம். தீர்த்தத்தில் என்ன கலந்திருக்கிறது என்று எந்தத் தமிழச்சி ஆராய்ந்திருக்கிறாள்?

“அண்ணே, என்ன செருப்பால அடிங்க” என்றாள்.

“ஏன்?”

சொன்னாள். ரூபன் முதலில் நம்பவில்லை. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய், உரக் கிடங்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்தான்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, சிங்காரத்திடம் சொல்லி வேப்பிலை வரவழைத்து, இரண்டு செடிக் கூண்டுகளிலும் மஞ்சள் வேப்பந்தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். இந்த முறை கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் கொசுக்கள் ஒரே மாதிரி சோனியாயின. தண்ணீரை நிறுத்தியதும் அடுத்த குஞ்சுகள் இரண்டு பக்கமும் கொழுத்தன, புது ரகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறோம். இவள் குரங்கைப் பிடித்து, அதற்குப் பிள்ளையார் என்று பெயர் வைத்து, டைரக்டருக்குப் படம் போட்டே காட்டிவிட்டாள்.

“விடு லா” என்றான் ரூபன். “பூச்சி என்ன டைரக்டருக்குப் போன் போடப்போவுதா? பேப்பர் வரட்டும். வாங்கிப் பொட்டியில வெச்சுட்டு, அப்புறமா மெல்லச் சொல்லிக்கலாம்.”

சசிரேகாவுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. வந்தது மட்டுமல்ல, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தது. அம்மனிடம் கேட்டோம், அம்மன் கொடுத்தாள். எந்த வழியில் கொடுத்தாள் என்று துருவித் துருவிக் கேட்பது தெய்வ குற்றம் இல்லையா? அதுவும் தன்னுடைய வேப்பிலையையே போட்டு வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறாள், இதைவிடத் தெளிவாக ஒரு தெய்வம் எப்படித்தான் பேசும்? இப்படியெல்லாம் வாதாடியது அவள்தான். தீட்டு, பூசை என்று அம்மா பேசினால் எழுந்து போகிறவள், வேலை என்று வந்ததும் பூசாரியை மிஞ்சினாள்.

ஆனால் மலையைப் பார்க்கும்போது வாதம் நிற்கவில்லை. புது ரகம் பூச்சியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி நட்டுவிடுவார்கள். யாரும் மருந்தோடு போக மாட்டார்கள், இலையைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். கொசு மலை முழுக்கப் பந்தி போட்டு உட்காரும். விருந்தை ஏற்பாடு செய்தவள் பெயர் சசிரேகா என்று பின்னால் எல்லோருக்கும் தெரியவரும். தெரியவராமலே போனாலும் தினமும் அந்த மலையைத் தாண்டித்தானே அவள் பூச்சி ரூமுக்கு வர வேண்டும்? எக்ஸ்கவேட்டர் லோரியில் வந்து ஆபீஸ் வாசலில் இறங்கிய அன்று அவள் துரையின் அறைக்குள் போனாள்.

“சார், ரிசல்ட் தப்பு.”

திருமாறன் நிமிர்ந்தார். “எந்த ரிசல்ட்?”

“நான் டைரக்டர்கிட்ட சொன்னது. எல்லாம்.”

கதவைச் சாத்தச் சொன்னார். அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சொல்லும்போது தன் காதுக்கே அது குடிகாரன் கதையாகக் கேட்டது.

“தீர்த்தமா?” என்றார் துரை.

“ஆமா சார்.”

“மாரியம்மன் கோயில் தீர்த்தமா?”

“நம்ம கோயில்தான் சார்.”

“எல்லாக் கூண்டுக்குமா?”

“என் கூண்டுக்கு மட்டும்.”

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சசிரேகா பயந்துபோனாள். கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் அது சிரித்த தண்ணீர். சிரிப்பு அடங்கியதும் முகம் கறுத்தது.

“டைரக்டர்கிட்ட நான் என்னான்னு சொல்றது? ஆத்தா வந்து எக்ஸ்பெரிமெண்ட் பண்ணிட்டுப் போயிட்டான்னா? கையத் தட்டினேனேம்மா நானு! அவ்ளோ சத்தமாத் தட்டினேனே!”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி, புது ரகம் நல்லதா, கெட்டதா? அதையாவது சொல்லு.”

“இப்பத் தெரியாது சார். மறுபடி முதல்லேர்ந்து வளர்த்துப் பாக்கணும்.”

துரை ஜன்னல் வழியாக எக்ஸ்கவேட்டரைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ஏழாம் நம்பரை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்றார். சசிரேகா எழுந்து கதவுப் பக்கம் போனதும், “கன்ஃபர்ம் விஷயம் இருக்கே” என்றார். “பாக்கலாம்.”

எஸ்டேட்டில் பிறந்தவளுக்குத் துரை வாயில் வரும் ‘பாக்கலாம்’ என்றால் ‘கிடையாது’ என்று தெரியாதா? அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

ரூபனிடம்கூடச் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அம்மாவை நினைத்துத்தான் பயம். துரையிடம் சொன்னதுகூடப் பெரிதில்லை. லயம் முழுக்கக் கேசரி கொடுத்தவள். ஊர் வாய்க்கு இனி அவள்தான் அவல். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றிலும் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சாரதா அடுப்பில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் கூடைக் கயிறு அழுந்திய தடம் இன்னும் போகவில்லை. சசிரேகா பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தீர்த்தத்தைச் சொன்னாள், துரையைச் சொன்னாள். “வேலை நிலைக்காதும்மா. வருசக் கடைசியோட சரி. மன்னிச்சிரும்மா” என்றாள்.

சாரதா அகப்பையோடு அவள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப ஏழாம் நம்பரு?” என்றாள்.

“எடுக்கல. மெஷினத் திருப்பி அனுப்பிட்டாங்க.”

சாரதா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழம்பைக் கிண்டினாள். கிண்ட வேண்டிய அவசியமே இல்லாத குழம்பு. சசிரேகா பக்கத்தில் போய் அம்மாவின் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

அம்மா அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்து, முந்தானையால் வாயை மூடி, என்ன செய்தும் அடங்காமல் சிரிப்பு கண்ணெல்லாம் வழிந்தது.

“அம்மா! எனக்கு வேலை போவுதுன்னு சொல்றேன். நீ சிரிக்கிற?”

“இல்லடி.”

“சிரிக்கிறம்மா. மூஞ்சியெல்லாம் சிரிப்பு.”

“இல்ல பாப்பா, சத்தியமா இல்ல” என்றாள் சாரதா. சொல்லும்போதே முகம் கோணி, அழுகை வெடித்துவிட்டது. அகப்பையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். “என்னால முடியலடி. அந்த மலையில ஏறாம வீட்டுல மொடங்கிக் கெடக்க என்னால முடியாது. பை ரொப்புற வேலையெல்லாம் யாரும் தர மாட்டாங்க, எனக்குத் தெரியாதா? ஒங்கிட்ட எப்படிச் சொல்வேன்? நீ அவ்ளோ சந்தோசமா இருந்தியே.”

சசிரேகா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“மொதல்ல ஒனக்காகத்தான் ஆத்தாகிட்ட கேட்டேன். மனசாரத்தான் கேட்டேன்” என்றாள் சாரதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “செகப்பு பெயிண்டு அடிச்ச அன்னிக்கு மறுபடி போயி நின்னேன். அன்னிக்கு எனக்காகக் கேட்டுட்டேன்.”

“என்ன கேட்ட?”

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“எம்மவ சொன்னது பொய்யாப் போவணும்னு கேட்டேன்.”

அடுப்பில் குழம்பு அடிபிடிக்கும் வாசனை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. இத்தனை நாள் வலைக்குள் இருந்த பூச்சி எதைத் தின்கிறது, எதைத் தின்று எப்படி இளைக்கிறது என்று கண் வலிக்கப் பார்த்தவள், ஒரே கூரைக்குக் கீழே இருந்த அம்மா சரியாகச் சாப்பிடாததைப் பார்க்கவில்லை. ரவிக்கைக் கைக்குள் அம்மாவின் கை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று சசிரேகா இப்போதுதான் பார்த்தாள்.